எட்டுப் பெயர் எழுதிய கார்டு

ரேடியோவில் ஒரு பாட்டுக்கு முன்னால் வாசிக்கிற பெயர்கள் எல்லாம், அந்தப் பாட்டைக் கேட்டுக் கார்டு போட்டவர்களின் பெயர்கள் மட்டும்தானாம். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தபோது இது எனக்குத் தெரியவந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது தெரியாமல் நின்றிருக்கிறேன். என் பெண் ஓடிவந்து கேஸை மூடினாள்.

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அவளுக்குப் பள்ளி ஆண்டுவிழாவில் வினாடி வினா. தலைப்பு, அந்தக் காலத்துச் சங்கதிகள். அந்தக் காலம் என்றால் நான் பள்ளிக்கூடம் போன காலம். ஒரு வாரமாக என்னைக் கல்வெட்டு மாதிரி சுற்றிச் சுற்றி வந்து படித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கணுமாமே, பைக்குக்கு மாதிரி?”

“ஆமா. போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டி ஸ்டாம்ப் ஒட்டணும்.”

“சும்மா அடிச்சு விடாதம்மா.”

அந்தச் சட்டம் போன பிறகும், யாராவது வந்து கேட்டால் காட்ட வேண்டும் என்று என் அப்பா அந்த லைசென்ஸ் புத்தகத்தைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தார் என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டு ஃபோனில் ஒரு வீடியோவைப் போட்டாள். ஓய்வு பெற்ற வானொலி அறிவிப்பாளர் ஒருவர் பேசினார். நேயர் விருப்பத்துக்கு வரும் கார்டுகளைப் பாட்டு வாரியாகப் பிரித்து, கட்டுக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்களாம். “ஒரு பாட்டுக் கட்டுல இருக்கற பேரை இன்னொரு பாட்டுக்குப் படிக்கவே மாட்டோம். அது நேயருக்குச் செய்யற துரோகம். பேர் அதிகமா இருந்தாலும் கடைசியிலதான் விடுவோமே தவிர, நடுவுல பொறுக்கிப் படிக்கறது கிடையாது” என்றார் அவர், கோயில் நடைமுறையைச் சொல்கிற மாதிரி.

எனக்கு ஒன்பது வயதில் என் பெயர் ரேடியோவில் வந்தது. நான் கேட்காத ஒரு பாட்டுக்கு வந்தது.

அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில், ரயில்வே லைனுக்குப் பத்து நிமிட நடையில், ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கீழே இரண்டு போர்ஷன், மாடியில் ஒற்றை அறை. கீழே ஒன்றில் அப்பா, அம்மா, நான், தவழ்கிற வயதில் தம்பி, அப்பாவின் தங்கையான அத்தை. அத்தை கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். தினமும் எட்டேகால் மின்சார ரயில். அடுத்த போர்ஷனில் ஓர் அக்கா, கணவர் ஆட்டோ ஓட்டுபவர். மாடி அறையில் ஓர் அண்ணன், மறைமலை நகரில் தொழிற்சாலை வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போய்ப் பாடுவார்.

மாடி அண்ணனுக்குப் பாட்டைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது என்று நான் நம்பினேன். சினிமாவில் குதிரை ஓடும் சத்தம் இரண்டு கொட்டாங்குச்சிகளைத் தட்டுவது என்று தட்டியே காட்டினார். இடி என்பது பெரிய தகரத்தை ஒருவர் பிடித்து ஆட்டுவது. பாடுகிறவர்களும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் நின்று ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். கடைசி வரியில் ஒருவர் இருமினால் எல்லாரும் முதலில் இருந்து. இதையெல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்து எனக்குச் சொல்வார். நான் மூன்றாவது படியில் இருப்பேன். அத்தை கீழே தண்ணீர்க் குழாயடியில் பாத்திரம் தேய்ப்பாள். அம்மா தேய்க்க வேண்டிய பாத்திரங்களையும் சேர்த்தே தேய்ப்பாள். அத்தைக்கு எங்கள் மேல் எவ்வளவு பாசம் என்று அம்மாவே வியந்திருக்கிறாள்.

“இருமினவருக்குச் சம்பளத்துல பிடிப்பாங்களா சார்?” என்று குழாயடியில் இருந்து குரல் வரும்.

“இருமறதுக்குத் தனியா ஒரு ஆளையே வச்சிருக்காங்க மேடம். சோகக் காட்சிக்கு.”

அத்தை சிரிப்பது எனக்குப் பிடிக்கும். வீட்டுக்குள் அவள் அப்படிச் சிரிக்க மாட்டாள்.

என் வகுப்பில் ஒருத்தியின் பெயர் அந்த வருடம் நேயர் விருப்பத்தில் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் நடந்த நடையை நான் மறக்கவில்லை. டீச்சர் அவளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வதைக்கூட நிறுத்திவிட்டார். எனக்கும் பெயர் வர வேண்டும் என்று மாடி அண்ணனிடம் போனேன். அவர் விதிகளைச் சொன்னார். கையெழுத்து பெரிதாக இருக்க வேண்டும். ஊரை முதலில் எழுத வேண்டும். ஒரே பாட்டுதான் கேட்க வேண்டும். “பேர் எத்தனை வேணா போடலாம்மா. ஆனா நாய் பேரைப் போட்டா கார்டைக் கிழிச்சுப் போட்டுடுவாங்க.”

எங்கள் நாயின் பெயரைத்தான் நான் முதலில் எழுதினேன். நாய் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிறகு என் பெயர், அப்பா, அம்மா, தம்பி, அத்தை, அடுத்த போர்ஷன் அக்கா, மாடி அண்ணன். மொத்தம் எட்டு. பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயர்கள் எழுத்தில் ஒருமுறை வந்து நடந்ததே போதும். கேட்ட பாட்டு, குரங்கு ஒன்று ரயிலில் டிக்கெட் இல்லாமல் போவது பற்றிய ஒரு வேடிக்கைப் பாட்டு. நடுநடுவே ஒருவர் குரங்கு மாதிரியே கத்துவார்.

கார்டை அத்தையிடம் கொடுத்தேன். ஸ்டேஷன் வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் போட்டால் சீக்கிரம் போய்விடும் என்று அவள்தான் சொன்னாள். கைப்பைக்குள் வைக்கும் முன் ஒருமுறை முழுக்கப் படித்தாள்.

“எல்லார் பேரும் இருக்கே. உன்னைக் கட்டிக்கப் போறவன் பேரை விட்டுட்டியே?”

“போங்க அத்தை.”

அதற்குப் பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் நான் ரேடியோவுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். ஏழாவது ஞாயிறு மதியம், அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். டிவி எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில்தான் உண்டு. மற்ற எல்லா வீடுகளிலும் அந்த நேரத்தில் ரேடியோ, எல்லாவற்றிலும் ஒரே நிலையம். தெருமுனையில் இருந்து வீட்டுக்கு நடந்து வந்தால் ஒரு வரி விடாமல் பாட்டைக் கேட்டுக்கொண்டே வரலாம். அதனால் அந்தப் பெண் அறிவிப்பாளர் கிழக்குத் தாம்பரம் என்று சொன்னபோது தெருவே கிழக்குத் தாம்பரம் என்றது. என் பெயரைச் சொன்னாள். அடுத்து அத்தையின் பெயர். அடுத்து மாடி அண்ணனின் பெயர். அவ்வளவுதான். “…ஆகியோர் விரும்பிக் கேட்ட பாடல்” என்று முடித்துவிட்டாள்.

நான் குதித்தேன். அப்பாவின் கை சோற்றில் நின்றது. ரேடியோவில் வயலின்கள் ஆரம்பித்தன. மெதுவான பாட்டு, ஒரு பெண் குரல்.

அடுத்த போர்ஷன் அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். அவளிடம் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. மனதில் வந்ததை வாயில் போடுவாள், அவ்வளவுதான்.

“இன்னா சார், பத்திரிகையே அடிக்காம ரேடியோல சொல்லிட்டீங்க? நம்மளுக்கெல்லாம் சாப்பாடு கீதா இல்லியா?”

அப்பா இலையை மூடினார். கை கழுவவில்லை. “யாரு எழுதுனது?” என்றார். குரல் மிக மெதுவாக இருந்தது. பாராட்டுவதற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குவது போல.

என் அப்பா அதற்கு முன் என்னை அடித்ததில்லை. சோற்றுக் கையோடு அடித்தார். கன்னத்தில் ரசம் வழிந்தது. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தாள். நான் அழுதேன். ஆனால் அடிக்காக அழவில்லை. அதை அன்று யாரும் நம்பவில்லை. பிறகு நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

பாட்டு முடிந்ததும் அத்தை சொன்னாள்: “குழந்தை விளையாட்டா எழுதியிருக்கு அண்ணா. அதைப் போய் அடிக்கறீங்களே.”

விளையாட்டு என்று வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். தெருவுக்கு யார் போய்ச் சொல்வது? மாடி அண்ணன் அந்த வாரக் கடைசியில் அறையைக் காலி செய்தார். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அத்தை வேலையை விட்டாள். இரண்டு மாதத்துக்குள் அச்சிறுபாக்கம் பக்கம் உரக்கடை வைத்திருந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ரேடியோ பரணுக்குப் போனது. கல்யாணத்தன்று அத்தையிடம் கேட்டேன், நான் கேட்டது குரங்குப் பாட்டுதானே, ஏன் வேறு போட்டார்கள் என்று. “அவங்க இஷ்டத்துக்குத்தான் போடுவாங்க கண்ணு, நாம கேக்கறதையா போடப் போறாங்க?” என்றாள். எட்டுப் பெயரில் ஐந்தை ஏன் விட்டார்கள் என்றதற்கும் அதே பதில்தான். அதை இத்தனை வருடம் வேதம் போல் நம்பியிருந்தேன்.

இத்தனை வருடமும் என் மனதில் இருந்தது ஒன்றுதான். ஒன்றுமே இல்லாத இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு பெண்ணின் வாழ்க்கையை மாற்றிவிட்டேன். அத்தையின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் கணவருக்கு நான்தான் முதலில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். அத்தையின் மூத்த பெண் கல்யாணத்துக்கு என் வளையல் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். ஏன் இவ்வளவு செய்கிறாய் என்று என் கணவர் கேட்டதுண்டு. என் பிள்ளைகள் எழுதுவதையும் அனுப்புவதையும் நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றால் அதற்கும் இதுதான் காரணம். எல்லார் வீட்டு அம்மாவும் இப்படியா என்று என் பெண் சண்டை போடுவாள்.

செவ்வாய்க்கிழமை பாலைத் துடைத்துவிட்டு பால்கனிக்குப் போய் அத்தைக்கு ஃபோன் செய்தேன். அறுபதைத் தாண்டிவிட்டாள். மாமா போய் மூன்று வருடம் ஆகிறது. வீடியோவில் அறிவிப்பாளர் சொன்னதைச் சொன்னேன்.

“இப்பதான் தெரிஞ்சுதா உனக்கு?” என்றாள்.

“அத்தை, என் கார்டு?”

“அது ரொம்ப நாள் என் டைப்பிங் நோட்டுக்குள்ள இருந்தது. முதல் பேரே நாய் பேரு.” சிரித்தாள். குழாயடிச் சிரிப்பு. பிறகு நிறுத்திக்கொண்டாள். “நான் வேற கார்டு வாங்கி எழுதினேன். ஸ்டேஷன் பெஞ்சுலயே உக்காந்து. எட்டேகால் வண்டியை விட்டுட்டேன் அன்னைக்கு.”

நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“மாடியில இருந்தவர் ஒவ்வொரு வாரமும் உங்கப்பாகிட்ட பேசறேன், உங்கப்பாகிட்ட பேசறேன்னாரு. ஒரு வருஷம் பேசல. நாலு பேருக்குக் கேக்கற மாதிரி ரெண்டு பேரும் ஒண்ணா வந்துட்டா, அப்புறம் அவர் இறங்கி வந்துதானே ஆகணும்? அவருக்கு எதுவும் தெரியாது. அவரும் அவர் ரேடியோவுலதான் கேட்டாரு.”

“என் பேரை ஏன் அத்தை சேத்தீங்க?”

கீழே எங்கள் அடுக்ககத்தின் வாசலில் யாரோ வண்டியைத் திருப்ப முடியாமல் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

“அவர் வரலைன்னா, குழந்தை விளையாட்டுன்னு சொல்லிக்கலாம்னு.”

“நான் அடி வாங்கினேன்.”

“வாங்கினே. நான் சொல்லியிருக்கணும். சொல்லல. ஒவ்வொரு தடவை நீ வரப்பவும் சொல்லணும்னு இருப்பேன். நீ உங்க மாமாவுக்குத் தண்ணி கொண்டுபோய்க் குடுப்பே, எனக்கு வாய் வராது.” பிறகு, “கோவமா?” என்றாள்.

கோபம் இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். உள்ளே வந்தபோது என் பையன் தரையில் கவிழ்ந்து படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தான். எட்டு வயது. அவனைப் பார்த்ததும்தான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது.

போன மாதம் என் பெண்ணின் ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்தது. டியூஷன் முடிந்து தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம். ஸ்டேட்டஸில் இருந்தது இவளும் ஒரு பையனும் மட்டும், மற்றவர்கள் வெட்டப்பட்டிருந்தார்கள். நாத்தனார் பார்த்துவிட்டு ஃபோன் செய்தாள். நான் பதறிப்போய்க் கேட்டபோது என் பெண், “தம்பிதான்மா ஃபோனை நோண்டிட்டு இருந்தான், தெரியாம போட்டுட்டான்” என்றாள். நான் அவனைக் கூப்பிட்டு ஓர் அறை விட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் அவன் அழுதான். ஐந்தாறு பேரில் இரண்டு பேரை மட்டும் விட்டு வெட்டுவதற்கு எட்டு வயதுப் பையனுக்கு என்ன காரணம் இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

“டேய், அக்கா ஃபோன்ல ஃபோட்டோ போட்டியே போன மாசம்” என்றேன்.

“எந்த ஃபோட்டோம்மா?” என்றான், தலையைத் தூக்காமல்.

அவள் உள்ளறையில் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ரேடியோ லைசென்ஸ் எங்கே புதுப்பிக்கப்பட்டது, அஞ்சலகத்தில். இன்று சனிக்கிழமை. நான் இன்னும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. என்ன கேட்பேன் என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் என் அப்பாவாகிவிடாமல் எப்படி நிற்பது என்பதுதான் தெரியவில்லை. பையனிடம் மட்டும் அன்று ராத்திரி மன்னிப்புக் கேட்டேன். அவன் பயந்துவிட்டான்.

இந்த நான்கு நாட்களாக அந்த ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அடி விழுந்த பிறகு நான் கத்தினேன்: “இது நான் கேட்ட பாட்டு இல்ல! நான் கேட்டது குரங்குப் பாட்டு! இது நான் கேக்கவே இல்ல!” அதற்குத்தான் அழுதேன். ஆறு வாரம் காத்திருந்து, குரங்கு வரவில்லையே என்று. இரண்டாவது முறை கத்த வாயைத் திறந்தபோது, அதுவரை கதவோரம் அசையாமல் நின்றிருந்த அத்தை ஓடிவந்து என்னை வாரித் தூக்கி, என் முகத்தைத் தன் தோளில் வைத்து அழுத்தினாள். பவுடரும் கார்பன் பேப்பரும் கலந்த வாசனை. மூச்சு முட்டியது. எனக்காக இவ்வளவு துடிக்கிறாளே என்று நினைத்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவள் நெஞ்சு அடித்தது எனக்குக் கேட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ரேடியோவில் ஓடிய அதே பாட்டு மாடியிலும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது சரணத்தின் நடுவில், மேலே மட்டும், டக்கென்று நின்றது.

மாடியில் கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். கீழே எங்கள் வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டேதான் இருந்தது.